கச்சான் காற்றும் கையளவு விமானமும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிப் போகும் பிரதான வீதியில், தேற்றாத்தீவைத் தாண்டியதும் வருவது களுதாவளை. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் இடையில் மணல் நிலம். வெற்றிலையும் மிளகாயும் வெங்காயமும் கத்தரியும் விளையும் தோட்டங்கள், அவற்றைச் சுற்றித் தென்னை. புதிதாக ட்ரோன் வாங்கியவருக்கு இதைவிட ஆசை காட்டும் ஊர் கிடைக்காது. முப்பது மீற்றர் உயர்ந்தாலே ஒரு பக்கம் கடலின் வெண்ணுரை, மறுபக்கம் வாவிக்கு அப்பால் படுவான்கரையின் வயல்வெளி என்று இரண்டும் ஒரே படத்துக்குள் வந்துவிடும். ஆனால் தொடக்கக்காரரை இதைவிடக் கடுமையாகத் தண்டிக்கும் ஊரும் அரிது. காற்று எந்தப் பக்கம் இழுத்தாலும் கடைசியில் தண்ணீர்தான்.

ட்ரோன் ஓட்டக் கற்பது என்றால் அதை வானத்தில் நிறுத்தக் கற்பது என்று பலர் நினைக்கிறார்கள். நிற்பது ட்ரோனின் வேலை. அதை நம்மைவிட நன்றாகவே அது செய்கிறது. போனதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் ஓட்டுநரின் வேலை, அதற்குக் காற்று தெரிந்திருக்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தத் திரும்பும் பயணத்தைப் பற்றியதுதான்.

முதலில், அது எப்படி நிற்கிறது? நான்கு விசிறிகளில் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுற்றுகின்றன. மூலைவிட்டமாக எதிரெதிரே இருப்பவை ஒரே திசையில் சுற்றும். விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும், இந்த ஏற்பாட்டில் அந்த முறுக்கங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. முன்னே செல்லப் பின்னிரண்டு மோட்டர்களும் சற்று வேகமாகும். உடல் முன்சாயும், உதைப்பின் ஒரு பங்கு முன்னோக்கித் தள்ளும். இருந்த இடத்திலேயே முகம் திருப்ப, ஒரே திசையில் சுற்றும் சோடி வேகமாகி மற்றச் சோடி மெதுவாகும். உலங்குவானூர்தியின் வால் விசிறி, சரிவு மாறும் இதழ்கள் எதுவும் தேவையில்லை. நான்கு மோட்டர்களின் வேகத்தை மாற்றுவது ஒன்றே போதும்.

இவ்வளவு எளிய ஏற்பாடு ஏன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பரவவில்லை என்ற கேள்வி எழும். அப்போதே முயன்றிருக்கிறார்கள். பிரான்சின் எத்தியேன் ஓமிஷென் நான்கு பெரிய சுழலிகளும் எட்டுச் சிறு விசிறிகளும் கொண்ட பொறியில் தானே ஏறி அமர்ந்து, 1924 மே 4 அன்று ஒரு கிலோமீற்றர் சுற்றுப்பாதையை 7 நிமிடம் 40 செக்கனில் பறந்து முடித்தார். பறந்ததே சாதனை, ஆனால் அதை நிலையாக வைத்திருக்க மனிதக் கைகள் போதவில்லை. நான்கு சுழலிகளையும் செக்கனுக்குப் பல நூறு தடவை திருத்திக்கொண்டே இருக்கும் ஒன்று வேண்டியிருந்தது.

அது கைத்தொலைபேசி வழியாக வந்து சேர்ந்தது. ஐபோன் 4 இல் சுழிப்புமானி முதன்முறையாக இடம்பெற்றதும், பரட் நிறுவனத்தின் ஏ.ஆர். ட்ரோன் கடைக்கு வந்ததும் ஒரே ஆண்டில், 2010 இல். இரண்டின் உள்ளேயும் ஒரே வகைப் பொருள்: கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிர்ந்துகொண்டிருக்கும் சிலிக்கன் துண்டு. உடல் திரும்பும்போது கொறியோலிசு விசை அந்த அதிர்வைப் பக்கவாட்டில் தள்ளும், அந்தத் தள்ளலை அளந்தால் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது தெரியும். இன்றைய ட்ரோனில் கூடவே ஆர்முடுகல்மானி, திசைகாட்டி, ஜி.பி.எஸ்., வளியமுக்கமானி. கடல்மட்டத்துக்கு அருகே எட்டு ஒன்பது மீற்றர் ஏறினால் வளியமுக்கம் ஆயிரத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. அதிலும் சிறிய மாற்றத்தைப் பிடித்தே உயரத்தைக் காக்கிறது ட்ரோன். கட்டுப்பாட்டுக் கருவியின் குச்சிகளிலிருந்து கையை எடுத்தால் ட்ரோன் அந்தரத்தில் அப்படியே நிற்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

காற்று வீசினாலும் அது நிற்கும். காற்றுக்கு எதிராகத் தானே சாய்ந்து, இடம் மாறாமல் நிற்கும். கீழிருந்து பார்ப்பவருக்குக் காற்றே இல்லாததாகத் தோன்றும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

களுதாவளையின் காற்றை ஒருமுறை கணக்குப் பார்ப்போம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இரத்தினபுரிப் பக்கமும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. ஈரம் இழந்த காற்று இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறும். வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு அது வந்து சேரும்போது நமக்குத் தெரிந்த கச்சானாகிவிடுகிறது. வாய் உலரும், தோட்டத்துக்கு இரட்டைத் தண்ணீர் தேவைப்படும். ட்ரோன் ஓட்டுபவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கச்சான் மேற்கிலிருந்து கிழக்கே, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது.

கடற்கரையில் நின்று ட்ரோனை ஏற்றும் இளைஞர் அதைக் கடலுக்கு மேல்தான் அனுப்புவார். படம் அங்கேதான் இருக்கிறது. காற்றில்லாத வேளையில் செக்கனுக்கு 10 மீற்றர் செல்லும் சிறு ட்ரோன் என்று வைத்துக்கொள்வோம், கச்சான் செக்கனுக்கு 6 மீற்றர். போகும்போது காற்றும் சேர்ந்து 16 மீற்றர் வேகம். 800 மீற்றரை 50 செக்கனில் தொட்டுவிடும். ஓட்டுநருக்குப் பெருமையாக இருக்கும். திரும்பும்போது பத்தில் ஆறு போய் நான்கே மிச்சம், அதே 800 மீற்றருக்கு 200 செக்கன். காற்றில்லாத நாளில் போகவரச் சேர்த்தே 160 செக்கன்தான். போகும்போது காற்று தந்த உதவி வரும்போது எடுத்துக்கொள்வதற்குச் சமமாகிவிடும் என்று மனம் சொல்லும், கணக்கு அப்படிச் சொல்லவில்லை. காற்று 9 மீற்றராக ஏறினால் திரும்ப 800 செக்கன், பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். பற்றரியில் பாதி இருக்கிறது என்று திரையில் தெரிந்தாலும் அது கரை சேராது.

இதில் உயரமும் சேர்ந்து ஏமாற்றும். தரைக்கு அருகே மரமும் வேலியும் வீடும் காற்றைத் தடுக்கின்றன. தென்னந்தோப்புக்குள் நிற்பவரின் சட்டை அசையாது. இருபது இருபத்தைந்து மீற்றரில் தென்னை ஓலைகள் ஒரே பக்கம் வாரிக்கிடந்தால் உண்மையான காற்று அதுதான். ஆகவே ஏற்றுவதற்கு முன் ஓலையைப் பாருங்கள், கைத்தொலைபேசியின் வானிலைச் செயலியைப் பிறகு பார்க்கலாம். இன்னும் நல்லது, வாவியில் தோணி விடுபவர்களிடம் கேட்பது. எதிர்க்காற்றில் வலித்துப் போய், களைத்த கையோடு காற்றின் துணையில் திரும்புவதே தோணிக்காரர் முறை. ட்ரோனுக்கும் விதி அதுவே. முதற் பாதி எதிர்க்காற்றில் போகட்டும். கச்சான் காலத்தில் மேற்கு முகமாக, மாலைக் கடற்காற்றில் கிழக்கு முகமாக.

கடற்காற்று இன்னொரு கதை. முற்பகலில் மணல் சூடேறிய பின் எழுந்து பிற்பகலில் வலுக்கும். அதற்கு முன், விடிந்து இரண்டு மூன்று மணி நேரம், கற்பவருக்குரிய நேரம். மாதங்களில் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்திருக்கும், கச்சான் வந்திருக்காது. மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை எழும் என்பதால் அந்த நாட்களிலும் காலைதான்.

வாவி வேறு விதமாக ஏமாற்றும். தாழப் பறக்கும்போது பல ட்ரோன்கள் அடிப்பக்கக் கமரா ஒன்றால் தரையைப் பார்த்து, அதில் தெரியும் புள்ளிகள் நகராதபடி தம்மை நிறுத்திக்கொள்கின்றன. கீழே மணலோ புல்லோ இருந்தால் இது பிசகாது. கீழே அலை இருந்தால் புள்ளிகளே நகரும், ட்ரோனும் அவற்றோடு நகரத் தொடங்கும், தான் அசையாமல் நிற்பதாகவே நம்பிக்கொண்டு. அலையில்லாத கண்ணாடி நீர் என்றால் பிடித்துக்கொள்ளப் புள்ளியே கிடைக்காது. தரைத் தூரத்தை அளக்கும் உணரிகளும் நீர்மேல் தடுமாறும். அதனால் நீருக்கு மேல் தாழப் பறப்பது அனுபவம் வந்த பிறகு செய்யும் வேலை. தோணியிலிருந்து ஏற்றுபவருக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. ஏறும்போது ஜி.பி.எஸ். குறித்துக்கொண்ட இடமே அதற்கு வீடு. தோணி நகர்ந்துவிட்ட பிறகு ‘வீடு திரும்பு’ பொத்தானை அழுத்தினால், அது விசுவாசமாக வெறும் தண்ணீரில் வந்து இறங்கும்.

அந்தப் பொத்தானைப் பற்றித் தரையிலும் ஒரு சொல். சமிக்ஞை அறுந்தாலும் பற்றரி குறைந்தாலும் ட்ரோன் தானே திரும்பும், அப்போது எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்பதை நாம்தான் முன்கூட்டிக் குறித்திருக்க வேண்டும். சின்ன ட்ரோன்கள் பலவற்றுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்கும் கண் இல்லை. பெட்டியிலிருந்து வந்த அளவு இந்த ஊர்த் தென்னைக்குப் போதுமா என்று பார்த்து, உங்கள் தோப்பின் மிக உயர்ந்த மரத்துக்கு மேலே பத்துப் பதினைந்து மீற்றர் சேர்த்து வையுங்கள். தென்னையில் மாட்டிய ட்ரோனை இறக்க ஆள் கிடைக்கும், ஆனால் தேங்காய் பறிக்கும் கூலிக்கு இறங்கமாட்டார்.

திசைகாட்டி பற்றிக் கேட்டால் ஊருக்கு ஒரு நற்செய்தி உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கிறது. 1963 இல் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் இந்தியா தன் முதல் ரொக்கெட்டை ஏவ இடம் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். இங்கே காந்தப்புலம் கிட்டத்தட்டக் கிடையாகவே இருப்பதால் திசைகாட்டிக்கு வலுவான பிடி கிடைக்கிறது. கனடாவின் வடகோடியில் பறப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அதே காந்த நடுக்கோட்டுப் பட்டையில், சூரியன் மறைந்த பின் சில மணி நேரம், மேல்வானின் அயன்மண்டலத்தில் குமிழிகள் எழுந்து ஜி.பி.எஸ். சமிக்ஞையை நடுங்கச் செய்வதுண்டு. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் இது கூடும். இரவில் பறக்காதிருக்கச் சட்டமும் சொல்கிறது, அறிவியலும் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியை உண்மையில் கெடுப்பது பக்கத்தில் இருக்கும் இரும்பு. கொங்கிறீற் மேற்தளத்திலோ வாகனத்தின் கூரையிலோ வைத்து ஏற்றாதீர்கள், உள்ளே கம்பி இருக்கிறது.

இனிக் கை. முதல் நாளே எல்லோரையும் குழப்புவது ஒன்றுதான். ட்ரோன் நமக்கு முதுகு காட்டி நிற்கும்வரை குச்சியை இடப்பக்கம் தள்ளினால் அது இடப்பக்கம் போகும். முகத்தை நம் பக்கம் திருப்பியதும் எல்லாம் தலைகீழ். இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகும். அவசரத்தில் இருப்பவர் தப்பான பக்கம் தள்ளி, அது மோசமாவதைப் பார்த்து இன்னும் பலமாகத் தள்ளுவார். ஆகவே பயிற்சி இந்தத் தலைகீழைப் பழக்குவதாகவே இருக்க வேண்டும். தலை உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, முகத்தை உங்கள் பக்கம் திருப்பி, சொன்ன இடத்தில் அரை நிமிடம் வைத்திருங்கள். பிறகு சதுரம், பிறகு எட்டு. கமராத் திரையைப் பார்க்காமல் ட்ரோனையே பார்த்துச் செய்யுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் விழுந்தாலும் புல்லில்தான் விழும்.

கண்ணுக்கும் எல்லை உண்டு. நல்ல பார்வையுள்ளவர் பிரித்தறியும் மிகச்சிறு கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒன்று. 300 மீற்றரில் அது ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர். கால்முனை முதல் கால்முனை வரை 25 சென்ரிமீற்றர் இருக்கும் ட்ரோன் அந்தத் தூரத்தில் மூன்று புள்ளிகளுக்குள் அடங்கிவிடுகிறது. இருக்கிறது என்பது தெரியலாம், எந்தப் பக்கம் முகம் என்பது தெரியாது. நிறுவனங்கள் பெட்டியில் அச்சிடும் பத்துக் கிலோமீற்றர் என்பது வானொலி அலையின் தூரம். உங்கள் தூரம் நூறு, நூற்றைம்பது மீற்றர்தான்.

பற்றரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லித்தியம் பொலிமர் கலம் நிறைந்தால் 4.2 வோல்ற், வைத்திருக்கும்போது 3.8 அளவில் இருந்தால் நீண்டகாலம் உழைக்கும். வெயிலில், தகரக் கூரையின் கீழ் போட்டுவைக்காதீர்கள். பெரிய பற்றரி போட்டு நேரத்தைக் கூட்டலாம் என்று எண்ணுபவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு: அதே விசிறிகளோடு எடை இருமடங்கானால் அந்தரத்தில் நிற்கத் தேவையான வலு இருமடங்கல்ல, ஏறத்தாழ 2.8 மடங்கு. காற்றுள்ள நாளில் பற்றரி பாதிக்கு வந்ததும் திரும்புங்கள். கடற்கரையில் பறந்தபின் ஈரத்துணியால் உடலையும் உலர்ந்த துணியால் மோட்டர்களின் வெளிப்புறத்தையும் துடையுங்கள், உப்பு முதலில் தின்பது மோட்டரின் உருளிகளைத்தான்.

சட்டம் தனிக்கதை. இலங்கையில் ட்ரோன்களும் 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமானச் சட்டத்தின் கீழ் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் கையில் இருக்கின்றன. எடைப்படி நான்கு வகை: 25 கிலோவும் மேலும், ஒன்று முதல் 25 கிலோ, 200 கிராம் முதல் ஒரு கிலோ, 200 கிராமுக்குக் கீழ். உலகக் கடைகளில் விற்கும் பிரபலமான சிறு ட்ரோன்கள் 249 கிராமில் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 250 கிராமுக்குக் கீழே இருந்தால் சலுகை என்பதால் அப்படி வடித்திருக்கிறார்கள். 2019 இல் டி.ஜே.ஐ. நிறுவனம் தன் முதல் மினி ட்ரோனை வெளியிட்டபோது, அன்று 200 கிராம் எல்லை வைத்திருந்த யப்பானுக்கென 199 கிராமில் தனியாக ஒன்றைச் செய்தது. வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பும் 249 கிராம் ட்ரோனுக்குப் பெட்டியில் எழுதியிருக்கும் சலுகை இங்கே செல்லாது. அனுப்பச் சொல்வதற்கு முன்பே இறக்குமதி அனுமதியையும் விசாரியுங்கள், அதில் பாதுகாப்பு அமைச்சுக்கும் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுக்கும் பங்குண்டு. விமான நிலையங்களை அண்டிய வான்பரப்பு எப்போதும் தடை. 2018 இல் உள்ளூர்ச் சேவைக்குத் திறக்கப்பட்ட மட்டக்களப்பு விமான நிலையம் களுதாவளையிலிருந்து தூரம்தான். ஆனாலும் ட்ரோனோடு நகரத்துக்குப் போகும் நாளில் அது நினைவில் இருக்கட்டும்.

சட்டத்தின் கடுமைக்குக் காரணம் நம் அண்மை வரலாறு. 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்த இடங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. அந்த வாரமே நாடு முழுவதும் ட்ரோன் பறக்கத் தடை வந்தது, 2020 தொடக்கத்தில்தான் நிபந்தனைகளோடு தளர்ந்தது. அதற்கும் முந்திய நினைவு ஒன்று எழுத்தில் இல்லாமல் காதில் இருக்கிறது. போர்க்காலத்தில் வன்னியில் வேவு விமானத்தை ‘வண்டு’ என்றார்கள். அந்த இரைச்சல் கேட்டபின் எது வரும் என்று தெரிந்தவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஈரிதழ் விசிறி நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை சுற்றினால் செக்கனுக்கு முந்நூறுக்கு மேற்பட்ட அடிகள் காற்றில் விழும், அந்த ரீங்காரம் இயந்திரத்தின் குற்றமல்ல. ஆனால் வளவுக்கு மேலே அது திடீரென்று கேட்கும்போது ஒரு அம்மம்மா ஏன் வீட்டுக்குள் போய்விடுகிறார் என்பது ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கிணற்றடிக்கு மேலே பறக்காதீர்கள். பிள்ளையார் கோயில் திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேலே பறப்பது விதிப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு. கால் கிலோ எடை ஐம்பது மீற்றரிலிருந்து விழுந்தால் யாரையும் கேட்டு விழாது.

படத்துக்கு அப்பால் என்ன பயன் என்று கேட்பவர்கள் படுவான்கரையைப் பார்க்கலாம். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம், கட்புலனுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைப் பதியும் கமராவோடு ட்ரோன்களை இலங்கையின் நெல்வயல்களில் பயன்படுத்தியிருக்கிறது. நலமான இலை அந்த ஒளியை நிறையத் தெறிக்கும், வாடும் இலை குறைவாகத் தெறிக்கும், கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும்போதே வித்தியாசம் பதிவாகிவிடும். பயன் வயலோடு நிற்பதுமில்லை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்து மாணவர் அணியான ‘தக்‌ஷா’, நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருக்க, 2018 இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. பயிருக்கு மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோன்கள் பெரும்போக வயல்களுக்குப் பொருந்தும். களுதாவளையின் சிறு சிறு தோட்டத் துண்டுகளுக்கு அவை உதவுமென்று எனக்கு நம்பிக்கையில்லை. மிளகாய்க்கு அடித்தது அடுத்த வளவு வெற்றிலைக்குப் பறந்தால் சண்டைதான் மிஞ்சும். மேலும் பத்து லீற்றர் தாங்கி ஏந்திய இயந்திரம் விளையாட்டுப் பொருளல்ல, தெளிப்பவருக்குத் தனிப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும்.

தொடங்குபவருக்கு என் தீர்ப்பு இதுதான். முதல் ட்ரோன் 200 கிராமுக்குக் கீழே, விலை குறைந்ததாக, உடைந்தால் மனம் உடையாததாக இருக்கட்டும். 80 கிராம் எடையுள்ள டெல்லோ போன்ற ஒன்று போதும், அதில் பறக்கும் நேரம் பதின்மூன்று நிமிடம்தான், கற்பதற்கு அது தாராளம். பெப்ரவரியில் தொடங்கி, காலை வேளைகளில், கடலிலிருந்தும் வாவியிலிருந்தும் தள்ளிய திறந்த வெளியில், உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு பறக்கவிடுங்கள். கச்சான் எழுந்ததும் பெட்டியில் வைத்துவிட்டுக் கணினியில் பயிற்சிச் செயலியில் ஓட்டுங்கள். முகம் திரும்பிய ட்ரோனை யோசிக்காமல் ஓட்டும் கை வந்த பிறகு பெரியதை வாங்குங்கள். வாங்கியதும் முதல் வேலையாக அதிகாரசபையில் பதிவு செய்யுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே இந்த நூலில் உள்ளதை நம்பி ஏற்றாமல், அன்றைய விதியை அதிகாரசபையிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.